எடைமேடைக்குத் தெரியாத பை

காரைக்குடி ரயில் நிலையப் பலகையில்
ஊர்ப் பெயருக்குக் கீழே
கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும்.
எண்பது மீட்டர் சொச்சம்.
இருபது வருடமாக அதன் கீழ்தான் வண்டிக்கு நிற்கிறேன்.
போன மாதம்தான் அது கணக்கில் வந்தது:
பூங்காவின் உச்சியிலிருந்து அதைக் கழித்தாள் உமையாள்,
டீக்கடைச் சீட்டின் பின்பக்கத்தில்.
மீதி வந்த எண்ணை
மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏறிப் பழக மேடு வேண்டும்.
எங்கள் பக்கம் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்,
விட்டால் குன்றக்குடி.
சனிக்கிழமை விடிகாலை
முதுகில் பத்துக் கிலோ கல்லுப்பு.
படி ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம்.
மூன்றாம் சுற்றில் தேங்காய்க் கடைக்காரர் கேட்டார்,
"என்ன வேண்டுதல் தாயி?"
கழுத்துச் சிலுவை ஆட, மூச்சு வாங்க,
"முட்டிதாண்ணே" என்றாள் ஜெயராணி.

கூடாரத்தை முதலில் விரித்தது
கோட்டையூர் தாண்டி, சரளைப் பொட்டலில்.
முளை இறங்கவே இல்லை. கம்பி வளைந்தது.
நான்கு மூலைக்கும் உப்புப் பொட்டலம் வைத்தோம்.
உள்ளே படுத்தால் இட்லிச் சட்டி.
ஐந்தாம் நிமிடம் வெளியே வந்து
அதன் நிழலில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றோம்.

அப்போதுதான் கேள்வி வந்தது:
குளிரை யார் பார்த்தது?
உறக்கப்பையின் துணிச்சீட்டில்
ஐந்து டிகிரி வரை தாங்கும் என்று இருக்கிறது.
யார் சாட்சி?

ஐஸ் பேக்டரி செபஸ்தியானிடம் போய்க் கேட்டோம்.
ஒரு முழு நிமிடம் எங்களைப் பார்த்தான்.
பிறகு குளிரறைக் கதவைத் திறந்து,
"அரை மணி நேரம். தட்டினா திறப்பேன்."

தொண்டி மீன் வண்டிக்குக் காத்திருந்த பாளங்களின் நடுவே
மூன்று கம்பளிப் புழுக்கள்.
முதலில் சிரிப்பு வந்தது,
பிறகு மூக்கு நுனி காணாமல் போனது.
இருட்டில் உமையாள் சொன்னாள்:
"அவர் போனப்புறம்
இவ்வளவு நேரம் நான் சும்மா படுத்ததே இல்லடி."
எங்கோ ஒரு பாளம் டிக்கென்று விரிசல் விட்டது.
யாரும் கதவைத் தட்டவில்லை.
செபஸ்தியான்தான் பயந்துபோய்த் திறந்தான்.

எனக்கு வேலை எடைமேடையில்.
நெல் லாரி, ஜல்லி லாரி.
வெறும் வண்டியைப் பாரவண்டியில் கழித்தால் சரக்கு.
கட்டி முடித்த பையை ஓர் இரவு
மேடை நடுவே வைத்துப் பார்த்தேன்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
கூடாரம், அடுப்பு, டார்ச்,
அட்டைக்குப் புகையிலைத் தூள்,
உப்புமா பொட்டலம் ஒன்பது,
உமையாள் எனக்குத் தெரியாமல் சொருகிய முறுக்கு டப்பா,
எல்லாம் சேர்த்து
சிவப்பு எழுத்தில் பூஜ்யம்.
சீட்டு அடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

மதுரை, தேனி, போடிமெட்டு என்று
பஸ் நேரமெல்லாம் காலண்டரில் எழுதியாகிவிட்டது.
எட்டு நாள் இருக்கையில் வனத்துறை போன்.
வரையாடுகள் இந்த வருடம்
முன்னதாகவே குட்டி போடத் தொடங்கிவிட்டனவாம்.
பூங்கா மூடல். ஏப்ரலில் பேசுங்கள்.

"எத்தனை குட்டி?" என்று கேட்டுவிட்டேன்.
அந்தப் பக்கம் காகிதச் சத்தம் நின்றது.
"நேத்து வரைக்கும் பதினொண்ணு பார்த்தோம் மேடம்."
குரல் ஆபீஸை விட்டு இறங்கியிருந்தது.
"ஒண்ணு பாறையில நிக்கத் தெரியாம
வழுக்கி வழுக்கி விழுது."

ஜெயராணி பிரசவ வார்டு நர்ஸ்.
கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.
"பார்வை நேரம் இல்லன்னா இல்லதான்" என்று
பையின் வாரைத் தளர்த்தினாள்.

உமையாள் பேசவில்லை.
உப்புமா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி
காலாவதித் தேதியைத் தேடினாள்.
மே பதினெட்டு.
"போதும்" என்றாள்.

வருகிற சனிக்கிழமையிலிருந்து குன்றக்குடிக்குப்
பன்னிரண்டு கிலோ.